குறட்டைக்குக் கூலியா?

“குறட்டை விட்டா மாசம் ஆயிரத்து நூறு டாலர் சார்! தெரிஞ்சிருந்தா நானும் பட்டாளத்துல சேர்ந்திருப்பேன்.”

சான் அன்டோனியோவில் ஒரு நண்பர் வீட்டுப் பொங்கல் விருந்து. சொன்னவர் மென்பொருள் துறையில் நல்ல பதவியில் இருப்பவர். வடையும் கையுமாக நின்ற எல்லோரும் சிரித்தோம். நானும்தான். டெக்சஸில் இது ராணுவ நகரம் என்று பெயரெடுத்த ஊர். எந்தத் தெருவிலும் சீருடை அணிந்தவரோ, அணிந்து கழற்றியவரோ ஒருவராவது இருப்பார். அந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சிரித்ததற்கு நான் செய்துகொள்ளும் பிராயச்சித்தம் இந்தக் கட்டுரை.

அந்த நகைச்சுவை அவருடைய சொந்தச் சரக்கல்ல. அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் புழங்குவது. 2025 அக்டோபரில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் முன்னாள் படைவீரர் இழப்பீட்டுத் திட்டத்தின் ஓட்டைகளைப் பற்றித் தொடராக எழுதிய பிறகு இன்னும் சூடு பிடித்தது. வாதம் இப்படிப் போகும்: ஸ்லீப் ஆப்னியா (உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்) என்பது உடம்பு பெருத்தவர்களின் குறட்டைதான். அதற்கு ஓர் இயந்திரம் இருக்கிறது. மாட்டிக்கொண்டு படுத்தால் சரியாகிவிடும். சரியாகிவிட்ட ஒன்றுக்கு மாதாமாதம் பணம் எதற்கு? ஆக, இயந்திரம் கேட்டு வரிசையில் நிற்கும் முன்னாள் வீரனுக்கு மூச்சின் மேல் கவலையில்லை, காசோலையின் மேல்தான் கண்.

இந்த வாதத்தில் ஒவ்வொரு கண்ணியிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது இவ்வளவு நாள் ஓடுகிறது.

முதலில் குறட்டை. நாம் குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் முரசாகக் கேட்டுப் பழகியவர்கள். கும்பகர்ணனை எழுப்ப என்னென்ன பாடு பட்டார்கள் என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள். “கொடுத்து வெச்ச மனுஷன், தலையணையில தலை பட்டதும் குறட்டை” என்று பொறாமைப்படுவோம். ஸ்லீப் ஆப்னியா உள்ளவனின் குறட்டையைப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியிடம் கேளுங்கள். சத்தத்தைப் பற்றிச் சொல்லமாட்டாள், சத்தம் நின்றுபோகும் இடத்தைப் பற்றிச் சொல்வாள். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் போவதில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் சரிகிறது. மூளை பதறி உடம்பை உலுக்க, ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறது. பத்து வினாடியாவது இப்படி நின்றால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். மூச்சு முழுதும் நிற்பதையும் ஓரளவு குறைவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்பார்கள். மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. இரவு முழுக்க ஒருவன் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தால் அதற்குத் தூக்கம் என்று பெயர் வைப்பீர்களா? போர்க் கைதிகளை அப்படி நடத்தினால் சித்திரவதை என்கிறோம்.

காலையில் தலைவலி. ரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்காது. இதயத் துடிப்பு தாளம் தப்பும். நெடுஞ்சாலையில் ஓட்டுநர் இருக்கையிலேயே கண் சொருகும்.

பட்டாளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் சென்று திரும்பி, போர் அதிர்ச்சிக்காக வி.ஏ. புறநோயாளர் பிரிவுக்கு வந்த 195 பேரைப் பரிசோதித்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. (வி.ஏ. என்பது அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை. நம்மூர் வி.ஏ.ஓ.வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், சான்றிதழுக்கு அலையவிடுவதில் இருவருக்கும் ஒற்றுமை இருந்தாலும்.) அந்த 195 பேரில் 69.2 சதவீதத்தினருக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கக்கூடிய வாய்ப்பு அதிகம் என்று கேள்வித்தாள் காட்டியது. கேள்வித்தாள் நோயை உறுதிசெய்யாது, சந்தேகத்தை மட்டுமே எழுப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்களில் பலர் இளைஞர்கள். தொந்தியும் நரையுமாக வந்த கூட்டம் அல்ல.

உடம்பு பெருத்தவன் நோய் என்ற எண்ணத்துக்கு வயது அதிகம். டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் நின்ற இடத்தில் தூங்கி விழும் ஒரு குண்டுப் பையன் வருவான். 1956இல் மருத்துவர்கள் ஒரு மூச்சுக் கோளாறுக்கு அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். கேலியில் பிறந்த பெயர், கேலியிலேயே நின்றுவிட்டது. எடை முக்கியமான காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முழங்காலும் முதுகும் போன பாராசூட் வீரனுக்கு எடை ஏன் ஏறியது என்று யாராவது கேட்டார்களா? அதை வி.ஏ.வின் சட்ட ஆலோசகர் அலுவலகமே கேட்டது. உடல் பருமன் தனியாக இழப்பீட்டுக்குரிய நோய் ஆகாது, ஆனால் பணியில் ஏற்பட்ட காயத்துக்கும் பின்னால் வந்த நோய்க்கும் நடுவில் அது ஓர் இடைக்கண்ணியாக இருக்கலாம் என்று 2017இல் கருத்துச் சொன்னது. விருந்தில் சிரித்த எங்களைவிட அந்த வழக்கறிஞர்கள் நிதானமாக யோசித்திருக்கிறார்கள்.

இனி மையமான பிழைக்கு வருகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. வி.ஏ.வுக்குள் தனித்தனியாக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று மருத்துவ வாசல், 10-10ஈஇசட் என்ற படிவத்தோடு நுழைய வேண்டியது. இன்னொன்று இழப்பீட்டு வாசல், அங்கே 21-526ஈஇசட் என்று வேறொரு படிவம். முதல் வாசலில் பதிவு செய்துகொண்டவன், தன் நோய் ராணுவத்தால் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய்க்கு எப்படி மருந்து கொடுக்கிறார்களோ, அப்படியே ஸ்லீப் ஆப்னியாவுக்கும் சோதனை, இயந்திரம், மாஸ்க், குழாய், வடிகட்டி எல்லாம் கொடுப்பார்கள். சிலரிடம் வருமானத்தைப் பார்த்துச் சிறு கட்டணம் வாங்குவார்கள், அவ்வளவுதான். பணம், சதவீதம், பணித்தொடர்பு, சாட்சிக் கடிதம் எல்லாம் இரண்டாவது வாசலின் சமாச்சாரம். “இயந்திரம் கேட்பவன் பணம் கேட்கிறான்” என்ற வாதம் இரண்டு வாசலையும் ஒன்றாக்கிவிடுகிறது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனையெல்லாம் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு அலைபவன் என்பதுபோல.

முதல் வாசல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. ஆரம்ப மருத்துவர் சந்தேகப்பட்டால் தூக்கப் பிரிவுக்கு எழுதுவார். பெரும்பாலும் வீட்டிலேயே சோதனை. மூக்கில் ஒரு சிறு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஒரு கவ்வி. ஓரிரவு படுத்தெழுந்து கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆய்வகத்தில் தலை முழுக்க ஒயர் ஒட்டிக்கொண்டு படுத்தால்தான் சோதனை என்றிருந்த காலம் மாறியதில் வி.ஏ. ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு. பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் வி.ஏ. மருத்துவமனைகளில் 296 பேரை வைத்து நடந்து 2011இல் வெளியான ஆய்வு, வீட்டுவழிச் சிகிச்சை பெற்றவர்களின் நிலை ஆய்வகவழிச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறையவில்லை என்று காட்டியது. வீட்டுச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தும் தொந்தரவு தீராவிட்டால் ஆய்வகச் சோதனை கேட்க வேண்டும். போர் நினைவில் பாதி இரவு விழித்தே கிடப்பவனிடம் வீட்டுக் கருவி நோயைக் குறைத்துக் காட்டக்கூடும். நோய் உறுதியானால், மூச்சுப்பாதைக்குள் காற்றை அழுத்தும் சிபாப் (CPAP) இயந்திரம். இயந்திரமே இரவுக்கணக்கை மோடம் வழியாக மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். மாஸ்க்கும் குழாயும் தேய்ந்தால் டென்வரில் உள்ள வி.ஏ. கிடங்கிலிருந்து தபாலில் வரும்.

காத்திருப்பு உண்டா? உண்டு. 2014இல் பீனிக்ஸ் நகர வி.ஏ.வில் காத்திருப்போர் பட்டியலை மறைத்து வைத்திருந்தது அம்பலமாகி, துறை அமைச்சர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 2018ஆம் ஆண்டின் மிஷன் சட்டம். சிறப்பு மருத்துவரைப் பார்க்க 28 நாளைத் தாண்டும் என்றாலோ, சராசரியாக 60 நிமிடத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும் என்றாலோ வெளி மருத்துவரிடம் அரசு செலவிலேயே போகலாம். இந்த விதியை யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள். கேட்டவனுக்குத்தான் கிடைக்கும்.

சரி, இயந்திரம் வந்தால் நோய் தீர்ந்ததா? “கண்ணாடி போட்டா பார்வை சரியாகிடுதே, அதுக்கு யாராவது பென்ஷன் குடுக்கிறாங்களா?” என்று விருந்தில் நகைச்சுவை சொன்ன அந்த மென்பொருள்காரர் கேட்டார். நல்ல கேள்வி. சிபாபைக் கண்டுபிடித்தவர் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன், 1980இல். அதற்கு முன்னால் நம்பகமான சிகிச்சை என்று இருந்தது தொண்டையில் துளை போடுவதுதான். அந்த வகையில் இயந்திரம் பெரிய வரம். ஆனால் அது நோயைக் குணப்படுத்துவதில்லை. மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி, மூச்சுப்பாதை அடைபடாமல் முட்டுக் கொடுக்கிறது. முட்டுக்கம்பை எடுத்தால் அதே இரவு கூரை இறங்கிவிடும். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்துதான் மங்கும். இங்கே மங்குவது ஆக்ஸிஜன்.

அந்த இயந்திரத்தைத் தாங்குவதும் எல்லோருக்கும் ஆகிற காரியம் அல்ல. முகத்தை மூடும் மாஸ்க் சிலருக்கு நச்சுவாயுப் பயிற்சி அறையை நினைவூட்டுகிறது. இரவில் சின்னச் சத்தத்துக்கும் விழித்துப் பழகியவனுக்குக் காதருகே காற்றிரைச்சல் ஓடினால் காவல் தளர்ந்துவிட்டதாகப் பதற்றம். போர் அதிர்ச்சி உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே சிபாபைப் பயன்படுத்துகிறார்கள் என்று வி.ஏ. ஆய்வுகளே சொல்கின்றன. சிபாப் மாரடைப்பைத் தடுப்பதில்லை என்று நிரூபணமாகிவிட்டதே என்று 2016இன் ‘சேவ்’ ஆய்வைச் சிலர் நீட்டுவார்கள். 2,717 பேரிடம் நடந்த அந்த ஆய்வில் இயந்திரம் கொடுக்கப்பட்டவர்கள் அதை மாட்டியிருந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம். பகலில் கடுமையாகத் தூங்கி வழிபவர்களை அதில் சேர்க்கவே இல்லை. அரைவயிற்றுக்குச் சோறு போட்டுவிட்டு, சோற்றால் பசி தீரவில்லை என்று தீர்ப்பெழுதுவதா?

2021 ஜூனில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. பிலிப்ஸ் நிறுவனம் தன் இயந்திரங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே சத்தத்தை அடக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, துகளாகவும் வாயுவாகவும் மூச்சில் போகக்கூடும் என்றார்கள். வி.ஏ. கொடுத்த இயந்திரங்களில் லட்சக்கணக்கானவை அந்த வகை. மாற்று வருவதற்குப் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மாட்டினால் துகள் பயம், கழற்றினால் மூச்சு பயம். 2024 ஏப்ரலில் உடல்நலப் பாதிப்பு வழக்குகளைத் தீர்க்க 110 கோடி டாலர் தர பிலிப்ஸ் ஒப்புக்கொண்டது, தவறை ஏற்காமலேயே. “இயந்திரம் இருக்கே, பிறகென்ன” என்பவர்கள் அந்த மாதங்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

இப்போது எதிர்த்தரப்பின் கூர்மையான அம்பு. இழப்பீட்டுக்காக ஒவ்வொரு பாதிப்பையும் சதவீதத்தில் மதிப்பிடும் வி.ஏ. விதிப்படி, சிபாப் தேவைப்படும் ஆப்னியாவுக்கு 50 சதவீதப் பாதிப்பு. 2025 கணக்கில், குடும்பம் இல்லாதவருக்கு மாதம் 1,102 டாலர். முழங்காலுக்குக் கீழே கால் போய்ச் செயற்கைக்கால் பொருத்த முடிந்தவருக்கு 40 சதவீதம். கால் போனவனைவிடக் குறட்டை விடுபவன் மேலா?

இந்த அம்பு தைக்கத்தான் செய்கிறது. ஒளிக்கவில்லை. இன்னொன்றையும் நானே எடுத்துத் தருகிறேன்: 20 ஆண்டு சேவை செய்து ராணுவ ஓய்வூதியம் வாங்குபவருக்கு 50 என்பது ஒரு மந்திர எண். 50ஐத் தொட்டால் ஓய்வூதியமும் இழப்பீடும் முழுதாகக் கிடைக்கும். தொடாவிட்டால் ஒன்றில் மற்றொன்றைக் கழித்துவிடுவார்கள். ஆகவே 50ஐக் குறிவைத்து ஓடுபவர்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் காலுக்கு 40 என்பது கணக்கின் முதல் வரி மட்டும். பாதம் இழந்ததற்கு மாதச் சிறப்புத் தொகை தனியாக உண்டு. இடுப்பு, முதுகு, மன அதிர்ச்சி எல்லாம் தனித்தனியாக மதிப்பிடப்படும். அப்படியும் 40 குறைவு என்றால் 40ஐ உயர்த்தச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். கால் இழந்தவன் பெயரைச் சொல்லி மூச்சு இழப்பவன் தட்டை இழுப்பது எந்த ஊர் நியாயம்? இந்தச் சதவீதங்களை வி.ஏ. நம்மைப்போல் கூட்டுவதும் இல்லை. போர் அதிர்ச்சிக்கு 70 இருப்பவனுக்கு ஆப்னியாவின் 50 சேர்ந்தால் 120 ஆகாது. மிச்சமிருக்கும் 30இல் பாதி, அதாவது 15தான் சேரும். 85 ஆகி, 90 என்று முழுமையாக்கப்படும். மாதம் 1,102 டாலர் என்று சிரித்தோமே, அவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது அதில் பாதிதான்.

விதியில் அபத்தம் இருக்கிறது என்றே நானும் சொல்வேன். பகலெல்லாம் தூங்கி வழிபவனுக்கு 30, இயந்திரம் எழுதிக்கொடுக்கப்பட்டவனுக்கு 50 என்பது நோயை அளக்காமல் பெட்டியை எண்ணுவது. அதைத் திருத்துவதாக 2022 பிப்ரவரியில் வி.ஏ. ஒரு முன்மொழிவை வெளியிட்டது. சிகிச்சையால் அறிகுறி முழுக்க அடங்கியவனுக்குப் பூஜ்யம். ஓரளவே அடங்கினால் 10. சிகிச்சை பலிக்காவிட்டால், அல்லது வேறு நோயால் சிகிச்சையையே ஏற்க முடியாவிட்டால்தான் 50. கேட்க நியாயமாகத்தான் படும். ஒவ்வோர் இரவும் மாஸ்க்கோடு மல்லுக்கட்டி ஒழுங்காகப் போட்டுக்கொள்பவனுக்கு ஒன்றுமில்லை, முடியவில்லை என்பவனுக்குப் பணம். சிகிச்சையை விட்டு ஓடச் சொல்லி இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியுமா? பணத்தாசையே இவர்களை இயக்குகிறது என்பவர்கள், அந்த ஆசை இந்த விதியில் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிக்கவில்லை.

மோசடி நடக்கிறதா? நடக்கிறது. ஆனால் எங்கே? அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர்கூட முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். அதை மீறி, அங்கீகாரமே இல்லாத ‘ஆலோசனை’ நிறுவனங்கள் வீரனின் வருங்கால இழப்பீட்டில் பல மாதப் பங்கை உருவிக்கொள்கின்றன. அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் வீரர் சங்கங்கள் இலவசமாகச் செய்யும் வேலை இது. எரிகிற வீட்டில் பிடுங்குபவனை விட்டுவிட்டு, வீட்டுக்குள் இருமிக்கொண்டிருப்பவனைத் திருடன் என்கிறோம். குறட்டையை நடிக்கலாம். விரல் கவ்வியில் ஆக்ஸிஜன் சரிவதை நடிக்க முடியாது. தூக்கச் சோதனை இல்லாமல் இந்த நோயை வி.ஏ. ஏற்பதும் இல்லை. சோதனையில் தேறினாலும் அது பணியோடு தொடர்புடையது என்று தனியாக நிறுவியாக வேண்டும். குழிகளில் குப்பை எரித்த புகைக்கு ஈடாக 2022இல் வந்த பேக்ட் சட்டம் ஆஸ்துமாவையும் சைனஸ் அழற்சியையும் தானாகவே பணித்தொடர்புள்ளதாக எடுத்துக்கொள்கிறது. ஸ்லீப் ஆப்னியா அந்தப் பட்டியலில் இல்லை.

என் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற சார்ஜென்ட் ஒருவர் இருக்கிறார். இரண்டு முறை ஈராக் போய் வந்தவர். விருந்துக்குச் சில மாதம் கழித்து அவர் மனைவி வேலியோரம் நின்று என்னிடம் சொன்னார்: இரவில் மூச்சு நின்றுபோகிறது, தோளை உலுக்கி எழுப்பிக்கொண்டே இருக்கிறேன், சோதனைக்குப் போகச் சொன்னால் மாட்டேன் என்கிறார். ஏனாம்? “அந்த ஐம்பதுக்கு அலையறான்னு பசங்க சொல்லுவாங்க.” பசங்க என்றால் அவரோடு பணியாற்றியவர்கள். எங்கள் பொங்கல் விருந்தின் சிரிப்பு அவர் படுக்கையறை வரைக்கும் போயிருந்தது. வேறு வேறு வாயிலிருந்து புறப்பட்டதுதான், ஆனால் அதே சிரிப்பு.

இந்த ஊரின் வி.ஏ. மருத்துவமனைக்கு ஆடி மர்ஃபியின் பெயர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்ற டெக்சஸ்காரர், பிறகு ஹாலிவுட் நடிகர். தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துக்கொண்டும் தூங்க முடியாமல் தவித்தவர். தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, பிறகு அதை விட்டவர். அந்தக் காலத்தில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் போர் அதிர்ச்சியைப் பற்றி அவர் வெளியில் பேசினார். தூங்காத ஒருவரின் பெயர் சுவரில் இருக்கும் கட்டடத்துக்குள் தூக்கத்துக்காக நுழைய இன்னொருவர் வெட்கப்பட்டார்.

இந்தியாவுக்கும் இந்தச் சந்தேகக் கண் புதிதல்ல. படைப் பணியிலிருந்து மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவருக்கே ஊன ஓய்வூதியத்தில் வருமான வரி விலக்கு, பணிக்காலம் முடித்து வந்தவருக்கு இல்லை என்று 2019 ஜூனில் சுற்றறிக்கை வந்தபோது அங்கும் அதே பேச்சுத்தான் கேட்டது.

சார்ஜென்ட் ஒருவழியாகப் போனார். இரண்டாவது வாசல் பக்கமே திரும்பாமல் முதல் வாசலில் நுழைந்தார். வீட்டுச் சோதனையில் மணிக்கு 41. முதல் மாஸ்க்கைச் சுவரில் எறிந்தார். இரண்டாவதைப் பகலில் டிவி பார்க்கும்போது வெறுமனே மடியில் வைத்துப் பழகினார், பிறகு முகத்தில். இப்போது இரவுக்கு ஆறு மணி நேரம் போடுகிறாராம். இழப்பீட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்தால் அது அவர் உரிமை என்று நான் சொன்னேன், பதில் சொல்லவில்லை.

இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் உண்டு. 2008 இறுதியில் அறிவிக்கப்பட்டு 2016இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டத்தில், குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரை மொழித்திறனுக்காக அமெரிக்கப் படையில் சேர்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்கள் இன்று முன்னாள் வீரர்கள். தம்பி, நீ அவர்களில் ஒருவனாக இருந்து, பக்கத்தில் படுப்பவள் உன் மூச்சு நிற்கிறது என்று சொன்னால், 10-10ஈஇசட் படிவத்தை நிரப்பு. விருந்தில் யார் என்ன சொல்லிச் சிரித்தாலும் சிரிக்கட்டும்.